டெமோவில் எதுவும் விழுவதில்லை

மென்பொருள் விற்க வருகிறவர் காட்டும் டெமோவில் எதுவும் விழுவதில்லை. திரையில் ஒரு ஆர்டர் கிளம்புகிறது. நடுவிலுள்ள தளம் அதை வாங்கிக் கணக்குப் பிரிவுக்கும் கிடங்குக்கும் கூரியருக்கும் பிரித்து அனுப்புகிறது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன, கூட்டம் காபி குடிக்க எழுந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தளத்தை நம்பி நிஜ வேலையை ஒப்படைக்கலாமா, அதாவது அலுவலகத்தில் சொல்வதுபோல் ‘புரொடக்‌ஷனுக்கு’ விடலாமா என்ற கேள்விக்கு அந்த அரைமணி நேரக் காட்சியில் பதில் கிடைக்காது.

அந்தத் தளம் என்னதான் செய்கிறது? நடுத்தர நிறுவனம் ஒன்றில்கூட விற்பனை, கிடங்கு, கணக்கு, சம்பளம், வாடிக்கையாளர் புகார் என்று பத்து மென்பொருள்கள் ஓடும். பத்தும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச வேண்டுமானால் 45 இணைப்புகள் வேண்டும். இருபதாகிவிட்டால் 190. ஒன்றை மாற்றினால் எது எங்கே அறுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நடுவில் ஒரு இணைப்புத் தளத்தை வைத்து, எல்லா மென்பொருள்களையும் அதனுடன் மட்டும் பேச வைக்கிறார்கள். ஒருவர் மொழியை மற்றவர் மொழிக்கு மாற்றுவது, வரிசையில் நிறுத்துவது, போய்ச் சேராததைத் திரும்ப அனுப்புவது எல்லாம் இதன் வேலை. கிரெகோர் ஹோப், பாபி உல்ஃப் இருவரும் 2003இல் எழுதிய புத்தகம் இந்த வேலைகளை 65 வகை உத்திகளாகப் பிரித்தது. 2007இல் வந்த அப்பாச்சி கேமல் அந்த உத்திகளை அப்படியே கருவிகளாக்கியது. கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் இந்தத் துறையில் உலகளவில் பெயர் பெற்றது.

190 இணைப்புகள் இருபதாகக் குறைந்தது லாபம்தான். ஆனால் அந்த இருபதும் இப்போது ஒரே இடத்தைக் கடக்கின்றன. அந்த இடம் படுத்தால் எல்லாம் படுத்துவிடும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி இதை 2018 ஏப்ரலில் அனுபவித்தது. ஸ்பெயினின் சபடெல் வங்கி 2015இல் டிஎஸ்பியை வாங்கியிருந்தது. அதன் பிறகும் பழைய உரிமையாளரான லாய்ட்ஸின் கணினிகளில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த டிஎஸ்பியை ‘புரோட்டியோ4யூகே’ என்ற புதுத் தளத்துக்கு மாற்ற ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 22ஆம் தேதி ஞாயிறு மாலை சேவை திறந்தது. வாடிக்கையாளர்களின் தரவுகள் பத்திரமாகவே வந்து சேர்ந்திருந்தன, ஆனால் அவற்றை எடுத்துக் கொடுக்க வேண்டிய தளம் தடுமாறியது. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வங்கி இயல்பு நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. கண்காணிப்பு அமைப்புகள் 2022இல் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

விசாரித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2019இல் வெளிவந்தது. அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தளம் ஒரே சமயத்தில் இரண்டு டேட்டா சென்டர்களில் ஓட வேண்டியது. ஆனால் சுமைச் சோதனையை நடத்தியது ஒன்றில் மட்டும். இன்னொன்று, லைவ் போகும் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலைகளை அடைத்தார்கள். அப்படி அடைக்கும்போது எப்போதும் நசுங்குவது சோதனைக் காலம்தான்.

சுமைச் சோதனை என்றாலே பலரும் விநாடிக்கு எத்தனை செய்தி தாங்கும் என்ற ஒரே எண்ணைக் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு ரசம் வைத்து ருசி பார்த்துவிட்டு ஆயிரம் இலைக்கு அதுவே போதும் என்று நம்புவதுபோல், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். நினைவகக் கசிவு பத்து நிமிடத்தில் தெரியாது. இரண்டு மூன்று நாள் விடாமல் ஓட்டினால்தான் சர்வரின் நினைவகம் மெல்ல மெல்ல நிரம்புவது வரைபடத்தில் ஏறுகோடாகத் தெரியும்.

அதைவிட வஞ்சகமானது மறுமுனையின் மெத்தனம். இணைந்திருக்கும் மென்பொருள் செத்துவிட்டால் உடனே பிழை வந்துவிடும், தளம் அதைச் சமாளிக்கும். சாகாமல், வழக்கமாக அரை விநாடியில் தரும் பதிலை நாற்பது விநாடியில் தந்தால்தான் ஆபத்து. தளத்தின் ஒவ்வொரு வேலைக்கரமும் அந்தப் பதிலுக்காகக் காத்து நிற்கும். சற்று நேரத்தில் எல்லாக் கரங்களும் அங்கேயே சிக்கிக்கொள்ள, அந்த மென்பொருளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சம்பளப் பட்டுவாடாவும் நின்றுபோகும். மைக்கேல் நைகார்டின் 2007ஆம் ஆண்டுப் புத்தகம் பரப்பிய ‘சர்க்யூட் பிரேக்கர்’ உத்தி இதற்குத்தான் வந்தது. மறுமுனை தொடர்ந்து தாமதித்தால் சிறிது நேரத்துக்கு அதைக் கேட்பதையே நிறுத்திவிடும். அந்த வசதி தளத்தில் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். வேண்டுமென்றே மறுமுனையை மெதுவாக்கி, அது நிஜமாகவே துண்டிக்கிறதா என்று பாருங்கள்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். தளம் வங்கிக்கு ‘5,000 ரூபாய் அனுப்பு’ என்று ஒரு செய்தி அனுப்புகிறது. பதில் வரவில்லை. செய்தி போய்ச் சேரவே இல்லையா, அல்லது சேர்ந்து, பணமும் போய், பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மறுபடி அனுப்பினால் பணம் இருமுறை போகலாம், அனுப்பாவிட்டால் ஒருமுறைகூடப் போகாமலிருக்கலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நெட்வொர்க்கும் இந்த ஐயத்தைத் தீர்க்காது. அதனால் நல்ல தளம் மறுபடி அனுப்பும். கூடவே ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் இட்டிருக்கும். வாங்குகிறவர் அந்த எண்ணை நினைவில் வைத்திருந்து, இரண்டாவது முறை வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும்.

‘சரியாக ஒரே ஒரு முறை சேர்ப்போம்’ என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தால், எந்த எல்லைவரை என்று கேளுங்கள். செய்திகளைக் கடத்தும் மென்பொருளான காஃப்காவுக்கு 2017இல் வந்த அந்த உறுதி காஃப்காவுக்குள் ஓடும் வேலைக்குப் பொருந்தும். வெளியே இருக்கும் வங்கியின் கதவைத் தட்டும்போது அது தானாகக் கூட வராது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்றிலிருந்து ஒரு லட்சம்வரை எண்ணிட்ட செய்திகளை அனுப்புங்கள். பாதி வழியில் சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். முறைப்படி அணைத்தால் அது சோதனையே ஆகாது. மறுபடி எழுப்பிவிட்டு மறுமுனையில் எண்ணிப் பாருங்கள். விடுபட்ட எண் இருந்தால் தொலைந்தது, இருமுறை வந்த எண் இருந்தால் இரட்டித்தது. வரிசை மாறியதா என்பதும் தெரிந்துவிடும். அடுத்து மின்சாரத்தை விட்டுவிட்டு, இரண்டு சர்வர்களுக்கு இடையிலான இணைப்பை மட்டும் அறுத்து அதையே செய்யுங்கள். கைல் கிங்ஸ்பரி 2013 முதல் ‘ஜெப்சன்’ என்ற பெயரில் இப்படித்தான் புகழ்பெற்ற தரவுத்தளங்களையும் செய்தி வரிசைகளையும் உலுக்கிப் பார்க்கிறார். பெற்றுக்கொண்டேன் என்று ஒப்புதல் கொடுத்த செய்திகளையே ராபிட்எம்கியூ என்ற செய்தி வரிசை மென்பொருள் தொலைத்ததை 2014இல் காட்டினார். பிற்பாடு 2019இல் அந்த மென்பொருள், பெரும்பான்மை சர்வர்களில் பதிந்தபின்பே ஒப்புதல் தரும் ‘குவோரம்’ வரிசைகளைக் கொண்டுவந்தது. ஆகவே பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று கேளுங்கள்.

எத்தனை முறை முயன்றாலும் செரிக்க முடியாத செய்திகளும் வரும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் பெயர் வந்திருக்கும். அதைத் தளம் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தால் பின்னால் நிற்பவை எல்லாம் தேங்கிவிடும். தனியாக ஒதுக்கிவைக்க ஒரு வரிசை பெரும்பாலான தளங்களில் உண்டு. அதைக் காலையில் திறந்து பார்ப்பவர் யார் என்பதற்கு மட்டும் பல அலுவலகங்களில் பதில் இருக்காது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கென்று ஒரு சோதனை. மாதிரித் தரவில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களே இருக்கும். தமிழ் எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் கொக்கியும்கூடத் தனிக் குறிதான், எனவே ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட். 50 பைட் ஒதுக்கிய கட்டத்தில் 16 குறிகளுக்கு மேல் நுழையாது, நீண்ட பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். நடுவில் ஏதோ ஒரு பழைய மென்பொருள் வேறு முறையில் படித்தால் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் வெளிநாட்டுத் தளத்தில் நம் இனிஷியல் என்ன பாடுபடும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கண்காணிப்பைப் பற்றிப் பேசினால் நைட் கேப்பிடலைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான அது, 2012 ஆகஸ்ட் 1 அன்று புது நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில்தான் ஏறியது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் பங்குகளை வாங்கி விற்றது. பதறிப்போய்ப் புது நிரலை மற்ற ஏழிலிருந்தும் எடுத்ததில் நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறப்பதற்கு முன்பே கணினி 97 மின்னஞ்சல்களில் பிழையைச் சொல்லியிருந்தது. அவை அலர்ட்டாக அமைக்கப்பட்டவை அல்ல என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. தளத்தில் அலர்ட் வசதி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. ஒரு பிழையை வேண்டுமென்றே உண்டாக்கி, எத்தனை நிமிடத்தில் யாருடைய போன் ஒலிக்கிறது என்று பாருங்கள்.

பேக்கப்பும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது, வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளும் கைகொடுக்கவில்லை. தற்செயலாகச் சில மணி நேரத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று காப்பாற்றியது, ஆறு மணி நேரத் தரவு போனது. வழக்கமான பேக்கப் தோற்றுக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

மென்பொருள்கள் ஒன்றையொன்று அடையாளம் காண வைத்திருக்கும் டிஜிட்டல் சான்றிதழ்களின் காலாவதித் தேதியையும் ஒரு காலண்டரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் பிரிட்டனின் ஓ2 வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க டேட்டா இல்லை. ஜப்பானின் சாஃப்ட்பேங்கும் அதே நாளில் முடங்கியது.

பாதுகாப்பு ஓட்டைக்கான பேட்ச் விஷயத்தில் வேகம்தான் அளவுகோல். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜேயில் ஓட்டை வெளிப்பட்டபோது ஜாவாவில் எழுதிய இணைப்புத் தளங்கள் பலவும் இரவோடிரவாகச் சரிபார்க்கப்பட வேண்டியிருந்தன. 2022இல் டபிள்யூஎஸ்ஓ2விலும் கடுமையான ஓட்டை ஒன்று தெரியவந்து, பேட்ச் போடாத சர்வர்களைத் தாக்குவோர் தேடிப் பிடித்தார்கள். ஓட்டையே வராத மென்பொருள் கிடையாது. பேட்ச் சந்தாதாரருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? சேவையை நிறுத்தாமல் போட முடியுமா? போட்டது சரிவராவிட்டால் எத்தனை நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்? இலவசம் என்பதற்காகத் தளத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் சோதித்து முடிப்பதற்கு முன்பே தேர்ச்சிக்கான மதிப்பெண்ணை எழுதிவைத்துவிட வேண்டும். ஒரு லட்சத்தில் தொலைந்தது பூஜ்யம், அலர்ட் வர இரண்டு நிமிடம், மீட்டெடுக்க ஒரு மணி நேரம் என்று எண்ணாகவே இருக்கட்டும். முடிவு கையில் வந்தபின் எழுதும் அளவுகோலில் எல்லாத் தளமும் தேறிவிடும். அந்தத் தாளில், இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படப்போகும் உங்கள் ஊழியரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்கள் வராவிட்டால் லைவ் தேதியைத் தள்ளிப்போடுங்கள், எண்களைத் தளர்த்தாதீர்கள்.