புரதம்: குறைப்பதா, கூட்டுவதா?

திருச்சிக்கு மேற்கே இருக்கும் முக்கொம்புக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டிய தண்ணீர் காவிரியில் போகும். மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

நம் உடம்புக்குள்ளும் இப்படி வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததை வெளியேற்றும் இரண்டு உறுப்புகள் உண்டு. அவைதான் சிறுநீரகங்கள். பெரியவர் ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். ஒன்றரை லிட்டர் அளவுதான் கழிவோடு சிறுநீராக வெளியேறும்.

அந்தக் கழிவில் முக்கியமானது யூரியா. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் உள்ள புரதம் தசையை வளர்க்கும், புண்ணை ஆற்றும். புரதம் சிதையும்போது அதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றும். சிறுநீரகம் பழுதானால் யூரியா ரத்தத்தில் தேங்கும். பசி போகும், வாந்தி வரும். அதனால்தான் டயாலிசிஸ் எனும் ரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்காத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பொதுவாக, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.6 முதல் 0.8 கிராம். 50 கிலோ எடையுள்ள தாத்தா என்றால் 30 முதல் 40 கிராம்.

அதே தாத்தா டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததும், "இனி 50, 60 கிராம் சாப்பிடுங்கள்" என்பார் மருத்துவர். இதென்ன வேடிக்கை?

டயாலிசிஸ் கருவியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதற்குள் தலைமுடி போல மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைகளுக்குள் ரத்தம் ஓடும். வெளியே சுத்திகரிப்புத் திரவம் ஓடும். இழையின் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே யூரியா வெளியேறிவிடும். ஆனால், புரதத்தின் சின்னஞ்சிறு துண்டுகளான அமினோ அமிலங்களும் அதே துளை வழியே நழுவிவிடும்! ஒருமுறை டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரத்தில் 6 முதல் 12 கிராம் வரை போய்விடும். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம் புரதம்தான். இழந்ததை ஈடுகட்டாவிட்டால் தசை கரைந்துவிடும். அதற்காகத்தான் கூடுதல் புரதம்.

இன்னொரு கட்டுப்பாடு பொட்டாசியம். திருச்சி வாழைக்குப் பேர்போன ஊர். தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இங்கேதான் இருக்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நமக்கு அது நல்லது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கோ அது ரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே குலைக்கலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான். காய்கறிகளை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும்.

யாருக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் சொல்ல வேண்டும். தாத்தாவின் பத்தியத்தைக் காரணம் காட்டி, சிறுநீரகம் நன்றாக இருக்கும் நீங்கள் சத்துணவு முட்டையை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் வளர வேண்டிய பிள்ளைகள்!