பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளுக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டோடு இருக்கும் மார்கழி நாட்களிலேயே, பொங்கலுக்கு வீட்டைத் துலக்கி வெள்ளையடிக்கும் வேலையும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தொடங்கிவிடுகிறது. பரணிலிருந்து பாத்திரங்கள் இறங்குகின்றன. முற்றத்தில் சுண்ணாம்புத் தொட்டி வந்து அமர்கிறது. ஜன்னல் கம்பிகளையும் கதவுகளையும் தேய்ப்பதற்குப் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு துண்டு உப்புத்தாள் கொடுக்கப்படுகிறது. குடும்பம் முழுவதும் கூடி உழைக்கும் இந்த நாட்களை மிகுந்த பிரியத்தோடு நினைக்கிறவன் நான். அந்தப் பிரியத்தினாலேயே, சின்ன வேலைதானே என்று நாம் கவனியாமல் விடுகிற சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

என் இளம் பிராயத்தில், எங்கள் தெருவில் ஒரு சிறுவன், கிளிஞ்சல் சுண்ணாம்பு நீறும்போது எழும் கொதிப்பை வேடிக்கை பார்க்கக் குனிந்தவன், தெறித்த ஒரு துளியினால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தான். சுட்டது மட்டுமன்று அங்கே நேர்ந்த தீங்கு. சுண்ணாம்பின் காரம், அமிலத்தைக் காட்டிலும் ஆழமாகக் கண்ணின் திசுக்களுக்குள் ஊடுருவக்கூடியது. அன்று பெரியவர்கள் பதறிப்போய் விளக்கெண்ணெயைத் தேடினார்களேயன்றி, பக்கத்தில் இருந்த கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் நினைக்கவில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால், அந்தக் கணமே இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரை இருபது நிமிஷமாவது இடைவிடாமல் விட்டுக் கழுவி, அதன் பிறகே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். எண்ணெயோ பாலோ வேறெந்தக் கைவைத்தியமோ அங்கே கூடாது. சுண்ணாம்பு நீறி ஆறும் வரையில் பிள்ளைகளைத் தொட்டியருகே விடாதிருப்பது அதனினும் மேலானது.

சுண்ணாம்பின் அபாயமாவது கண்ணுக்குத் தெரிவது. பழைய எனாமல் பெயிண்டைத் தேய்க்கும்போது எழும் தூசியின் அபாயமோ, தேய்க்கிற கைக்கும் தெரியாது, அருகில் நின்று பார்க்கிற தாய்க்கும் தெரியாது. நிறத்தின் பிரகாசத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு போன்ற வர்ணங்களில், காரீயம் சேர்ந்த பொருள்களைக் கலப்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. 2016-இல் மத்திய அரசு வகுத்த விதிகள்தாம், 2017 நவம்பர் முதற்கொண்டு, வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கலாகாது என்று வரம்பு கட்டின. ஆகையால் அதற்கு முன் பூசப்பட்ட கதவும் கிராதியும் தொட்டிலும், காரீயம் உள்ளவை என்று எண்ணி நடத்தப்படுவதே விவேகமாகும்.

குழந்தையின் உடலில் காரீயம் எவ்வளவு சேரலாம் என்பதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றுமே இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பெரியவர்களைக் காட்டிலும் நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் அதைக் கிரகித்துக் கொள்கிறது. கிரகித்தது மூளையின் வளர்ச்சியைத் தாக்கி, கற்கும் சக்தியைக் குறைக்கிறது. அப்படிக் குறைந்தது மீண்டும் வருவதில்லை. நன்றாகப் படிக்கட்டும் என்று நாம் பள்ளிக்கு அனுப்புகிற குழந்தையிடம், விடுமுறையில் நாமே உப்புத்தாளைக் கொடுத்து அந்தத் தூசியின் நடுவில் உட்கார்த்தி வைப்பதை நினைக்கும்போது மனம் கலங்குகிறது. பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். நீர் தெளித்து ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். உதிர்வதைக் கீழே விரித்த தாளில் சேர்த்துக் கட்டிவிட்டு, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடியும் வரையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறிடத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், குழந்தையின் இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பரிசோதித்து அறியலாம். புதிதாக வாங்கும் டப்பாவின் மேல், காரீயம் 90 பங்குக்கு மேற்படவில்லை என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது விற்பவர் செய்யும் உபகாரமன்று, விதிகள் கட்டாயமாக்கியிருக்கும் அறிவிப்பு. போகியன்று அந்தப் பழைய கதவுச் சட்டத்தைக் கொளுத்தினாலோ, அதே விஷம் சாம்பலாகவும் புகையாகவும் தெரு முழுவதற்கும் பங்கிடப்படும். 2018-இல் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமற் போனதை அநேகர் மறந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளையடிக்க வரும் தொழிலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரச் சுவரருகே வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து வைப்பதும், மின்கம்பி செல்லும் பக்கத்தில் இரும்பு ஏணியைச் சாத்த விடாதிருப்பதும் வீட்டுக்காரரின் கடமை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்களும் உறுப்பினராகலாம். விபத்தில் மரணமோ ஊனமோ நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. பதிவு நடப்பில் இருக்கிறதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி, வாங்கிய பெயிண்ட் ஒரே மாதத்தில் செதில் செதிலாக உதிர்ந்தால், அல்லது மார்கழிக் குளிருக்கென்று வாங்கிய வாட்டர் ஹீட்டர் மின்சாரம் கசிந்து கையைத் தாக்கினால், என்ன செய்வது? பெரும்பாலோர் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள். காரணம், அவர்கள் கையில் ரசீது இல்லை. வரி மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்லும் நயமான வார்த்தையை நம்பி நாம் விட்டுக்கொடுப்பது, வழக்காடுவதற்குள்ள முதல் சாட்சியத்தையே ஆகும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது கொடுக்க மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று குறிப்பிடுகிறது. குறையுள்ள பொருளை, ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. பொருளின் குறையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரிடம் நஷ்ட ஈடு கோரவும் அச்சட்டத்தில் இடமுண்டு. கூலி பேசிக் குத்தகைக்கு விட்ட வேலைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டாகையால், எத்தனை பூச்சு, எந்தப் பெயிண்ட், என்ன தொகை என்பதை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைப்பது உசிதம்.

முதலில் கடைக்காரருக்கோ குத்தகைக்காரருக்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். பலன் இல்லையேல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதியலாம். அதற்கும் மசியாதவர்மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரையில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆகவே, பெயிண்ட் டப்பாவின் மேலட்டையையும், உதிர்ந்த சுவரின் புகைப்படத்தையும், பணம் அனுப்பிய விவரத்தையும் ரசீதோடு சேர்த்து ஓர் உறையிலிட்டு, அடுத்த பொங்கலுக்குப் பரணைத் துலக்கும்போதும் அதைக் கழிக்காமல் வைத்திருங்கள்.