நெருப்பில்லாமல் புகையுமா?

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது நம் பாட்டிமார் வாக்கு. அதைப் பொய்யாக்கிக் காட்டினார் ஒரு சீனாக்காரர். ஷென்யாங் நகரத்தைச் சேர்ந்த அந்த மருந்தியல் நிபுணரின் பெயர் ஹான் லிக்.

அவருடைய தகப்பனார் ஓயாமல் சிகரெட் பிடித்தவர். நுரையீரல் புற்றுநோயால் காலமானார். மகனும் அதே பழக்கத்துக்கு அடிமைதான். அதை விட்டொழிக்க, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையைப் போட்டுப் பார்த்தார். ஒருநாள் இரவு அதைக் கழற்ற மறந்து தூங்கிவிட்டார். விடிய விடியக் கெட்ட கனவுகள்! ‘இழுக்கிற மாதிரியும் இருக்க வேண்டும்; புகையிலையும் எரியக் கூடாது’ என்று யோசிக்கலானார். 2003-ல் மின் சிகரெட் உருவாயிற்று. 1963-லேயே அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் இப்படி ஒரு சாதனத்துக்கு உரிமை கோரியிருந்தார். அன்று அதைச் சீந்துவாரில்லை.

உள்ளே ஒரு சிறு பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், நிகோடின் கலந்த திரவம். அவ்வளவுதான். வாயில் வைத்து இழுத்தால் சுருள் சூடாகிறது, திரவம் ஆவியாகிறது. நெருப்பில்லை, சாம்பலில்லை!

அது சரி, சிகரெட்டை விடுவது ஏன் இத்தனை கஷ்டம்? ஒரு தரம் இழுத்தால், பத்து இருபது விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உடனே ஒரு தெம்பு, ஒரு நிம்மதி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். மனம் பரபரக்கும், எதற்கெடுத்தாலும் வீட்டாரிடம் எரிந்து விழத் தோன்றும். அடுத்த சிகரெட்டைக் கை தேடும். பட்டை நிகோடினை மெள்ள மெள்ளத்தான் கொடுக்கும். மின் சிகரெட்டோ சீக்கிரம் கொடுக்கிறது. கைக்கும் வாய்க்கும் வேலையும் தருகிறது.

பலன் உண்டா? இங்கிலாந்தில் 886 பேரை வைத்துச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மின் சிகரெட் எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். பட்டை, சூயிங்கம் போன்றவற்றை உபயோகித்தவர்களில் சுமார் 10 பேர்தான்.

அடடா, வெற்றி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அப்படி விட்டவர்களில், மின் சிகரெட்காரர்கள் நூற்றுக்கு 80 பேர் அதையே இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்! மற்றவர்களில் பட்டை, சூயிங்கத்தைத் தொடர்ந்தவர்கள் நூற்றுக்கு 9 பேரே. சிகரெட் போயிற்று; நிகோடின் போகவில்லை.

புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் தரும் தீங்கு குறைகிறது என்பது உண்மையே. அதற்காக அந்த ஆவி வெறும் நீராவியாகிவிடாது. சிகரெட்டையே தொடாத பிள்ளைகள், பழ வாசனையில் மயங்கி இதைத் தொட்டால் என்னாவது? அந்தக் கவலையினால்தான் 2019-ல் இந்தியாவில் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் சட்டம் தடை செய்தது.

புகைப்பதை விட நினைப்பவர்களுக்கு மருந்துக் கடையில் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. ஆலோசனை சொல்ல டாக்டர் இருக்கிறார். இன்னொரு விஷயமும் நினைவிருக்கட்டும். சிகரெட் ஆசை ஒரு தடவை பொங்கி வந்தால், அதன் வேகம் பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான். அதுவரை அதை வாசலிலேயே காக்க வையுங்கள். வந்த விருந்தாளிக்குக் காப்பி கிடைக்காவிட்டால் எத்தனை நேரம்தான் நிற்பார்?