கையா, மனசா… யாரு பாஸ்?

ஈ.சி.ஆர்-ல சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போறீங்களா? மரக்காணம் வந்ததும் செல்போனை உள்ளே வெச்சுட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்க. பாத்தி பாத்தியா உப்பளம். வெறுங்காலோடு நின்னு, நீளமான கம்பில் மாட்டிய பலகையால் உப்பு வாருவாங்க. கொஞ்சம் அழுத்தினா சேறு கலந்து உப்பு கறுத்துடும். கொஞ்சம் தூக்கினா பாதி உப்பு பாத்தியிலேயே தங்கிடும். ஆனா அந்த அண்ணன் பக்கத்துப் பாத்திக்காரர்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே வாருவார்!

அப்போ எவ்வளவு அழுத்தணும்னு முடிவு பண்றது யாரு?

1983-ல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 'தோணும்போது கையை அசைங்க' என்று சொல்லி மூளையின் மின்னலைகளை அளந்தார். அசைவுக்கு அரை நொடி முன்பே மூளை தயாராக ஆரம்பிச்சுடுச்சு. 'அசைக்கணும்' என்ற நினைப்பு வந்ததோ கடைசி 0.2 நொடியில்தான். 'அப்போ நம்ம இஷ்டம்னு ஒண்ணுமே இல்லையா?' என்று உலகமே கிடுகிடுத்தது. 2012-ல் ஆரோன் ஷர்கர் குழு, அந்த அலை முடிவே அல்ல, மூளையின் தற்செயலான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்றது. எங்க இன்ஜினீயரிங் பாஷையில், வெறும் 'நாய்ஸ்'! சண்டை இன்னும் ஓயலை. ஆனா பழகின வேலையை மூளை நம்மைக் கேட்காமலே நடத்தும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

உப்பு வாரும்போது சோறு போடுற இந்தப் பழக்கம், பாட்டில் பக்கம் போனா?

2023 மே மாசம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அப்போ டீக்கடையில் சுலபமா விழுந்த தீர்ப்பு: 'மனக்கட்டுப்பாடு இல்லாதவனுங்க.' விஷத்தை வித்தவனை விட்டுட்டு செத்தவனைத் திட்டுறது என்ன நியாயமோ! சரி, குடியை விட முடியாதவங்களுக்காவது அந்தத் தீர்ப்பு பொருந்துமா?

வியட்நாமிலிருந்து 1971-ல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே ஐந்தில் ஒருத்தர் போதைக்கு அடிமை. ஊர் திரும்பிய முதல் வருஷத்தில், அவங்களில் மறுபடி அடிமையானது 5 சதவிகிதம் பேர்தான். திடீர்னு எல்லாருக்கும் மன உறுதி முளைச்சதா? இடம் மாறுச்சு, கூட்டாளி மாறினாங்க.

நம்மாளுக்கு அப்படியா? வேலை முடியற அதே நேரம், அதே திருப்பம், அதே கூட்டாளிங்க. 'வேணாம்'னு மனசு சொல்றதுக்குள்ள கால் அங்கே திரும்பிடும். அதனால உங்க தெருவில் விடணும்னு நினைக்கிறவர் யாராவது இருந்தா, அட்வைஸை மூட்டை கட்டிட்டு, அந்த நேரத்துக்கு அவரை வேற பக்கம் கூட்டிட்டுப் போங்க. தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா நடுக்கம், வலிப்புகூட வரலாம்; அதனால டாக்டர்கிட்ட காட்டிட்டு நிறுத்தச் சொல்லுங்க. டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழ்லயே பேசலாம்.