மனிதனைத் தின்பவர் என்ற பழி

மனிதனைத் தின்பவர்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ஆந்த்ரோபோஃபாகி. 'ஆந்த்ரோபோஸ்' மனிதன், 'ஃபாகெய்ன்' தின்னுதல். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், ஏறக்குறைய இதே பெயருள்ள ஒரு கூட்டம் சித்தியர் நாட்டுக்கும் வடக்கே, பாழ்வெளியைத் தாண்டி வாழ்வதாக எழுதினார். அவர்களுக்கு நீதியும் இல்லை, சட்டமும் இல்லை என்றார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும் தோளுக்குக் கீழே தலை முளைத்தவர்களோடு இவர்களைச் சேர்த்துச் சொல்கிறான். யார் எழுதினாலும் இந்தக் கூட்டம் குடியிருப்பது கண்ணுக்கெட்டாத தூரத்தில்தான்.

1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கிருந்த டைனோ மக்கள் தாங்கள் அஞ்சிய அண்டைத் தீவினர் மனிதரைத் தின்பவர்கள் என்று சொன்னார்கள். அவர்களுடைய பெயர் கொலம்பஸின் காதில் 'கனிபா' என்று விழுந்தது. சீனத்துப் பேரரசர் கானின் ஆட்கள் போலும் என்றுகூட எண்ணினார். 'கேனிபல்' என்ற சொல் பிறந்தது அங்கேதான்.

அந்த நவம்பரில் கியூபாவில் ஒரு வீட்டுத் தூணில், கூடைக்குள் ஒரு மனிதத் தலை தொங்கியது. குடும்பத்து மூதாதையின் தலையாக இருக்கும் என்று கொலம்பஸ் நினைத்தார். மறு ஆண்டு குவாதலூப் தீவில், ஆட்கள் ஓடிப்போன வீடுகளில் சில கை, கால் எலும்புகள் கிடைத்தன. கப்பலில் வந்த மருத்துவர் சாங்கா, இவர்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்று முடிவுகட்டினார். இரண்டு இடத்திலும் இருந்தது மனித எலும்புதான். குவாதலூப் அந்தப் பழி சுமந்த தீவினருடையது என்பதே வேறுபாடு.

இன்றைய அகழாய்வில் எலும்பு கிடைத்தால் மட்டும் போதாது. சதையை அறுத்த கத்திக் கீறல், மஜ்ஜைக்காக உடைத்த தடம், மனிதப் பல் பதிந்த வடு ஆகியவற்றைத் தேடுவார்கள். இங்கிலாந்தின் கோஃப் குகையில், சுமார் 14,700 ஆண்டுக்கு முந்தைய எலும்புகளில் இவை எல்லாம் இருக்கின்றன.

குவாதலூப் எலும்புகளில் அன்று அப்படி எந்த ஆய்வும் நடக்கவில்லை. ஆனால் 1503இல் அரசி இசபெல்லா, ஸ்பானியரை எதிர்க்கும் கேனிபல்களைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று ஆணையிட்டார். அதன்பின் ஒரு தீவுக்கு இந்தப் பெயரைச் சூட்டினால் போதும், அங்குள்ளவர்கள் விற்பனைச் சரக்கு. இதைப் பேராசை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மருந்துக் கடைகளில், எகிப்திய மம்மியை இடித்த பொடி நோய் தீர்க்க உள்ளுக்குக் கொடுக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களை எவரும் கேனிபல் என்று பிடித்து விற்கவில்லை.

பழி சுமந்த மக்களின் வழிவந்தவர்கள் டொமினிகா தீவில் இன்றும் வாழ்கிறார்கள். வெளியார் அவர்களைக் கரீப் என்றார்கள்; அவர்கள் தங்களைக் கலினாகோ என்கிறார்கள். 'கரீப் பகுதி' எனப்பட்ட அவர்களுடைய நிலம், 2015இல் 'கலினாகோ பகுதி' என்று சட்டப்படி பெயர் மாறியது. நாமும் அவர்களை அந்தப் பெயரிலேயே எழுதுவோம்.