படத்தில் முகமில்லாத கரங்கள்

சில வாரங்களுக்கு முன் பழங்காநத்தத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். படுக்கையில் கிடக்கும் தம் நன்னியாரைப் பற்றிப் பாடத்திற்காகப் பன்னிரண்டு நிமிட ஆவணப்படம் எடுத்திருந்தார். மார்க்கத்திற்கு மாறாக ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி வேண்டினார். பார்த்தேன். நன்னியார் பழங்கதை பேசுகிறார். மாணவரின் அத்தா தாயின் சிறப்பைக் கண்கலங்க உரைக்கிறார். இடையிடையே கஞ்சிக் கிண்ணத்தோடு இரு கரங்கள் மட்டும் வந்து மறைகின்றன.

"இவை யாருடைய கரங்கள்?" என்றேன்.

"அம்மாவுடையவை, ஹஜ்ரத்."

வளர்த்தவரைப் பிள்ளைகள் படமெடுப்பது புதிதன்று. ஜப்பானில் நவோமி கவாசே என்பார், ஒசாகாவில் படிப்பை 1989இல் முடித்த பின், தம்மை வளர்த்த மூதாட்டியைப் பற்றி 1994இல் 'கத்தாத்சுமோரி' என்ற படம் எடுத்தார். 2006இல் வெளிவந்த 'தாராச்சிமே'யில், தளர்ந்துவிட்ட அதே மூதாட்டி குளிக்கும் மேனியே காட்டப்படுகிறது. மறைக்க வேண்டியதை ஊரார் காண வைப்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், பழைய மனத்தாங்கலைச் சொல்லி மூதாட்டியைக் கடிந்துகொள்ளும் தம் குரலை அவர் நீக்காமல் விட்டாரே, அது என்னைச் சிந்திக்க வைத்தது. திருமறையின் 17வது அத்தியாயத்தில் 23வது வசனம், பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லையும் தடுக்கின்றது. பணிவிடை செய்பவருக்குச் சலிப்பு வரும் என்பதைப் படைத்தவன் அறியாதவனா?

அவ்வசனம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதையும் கவனியுங்கள். பெற்ற பிள்ளையை நோக்கி! கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் கட்டாயக் கடமையன்று, மனமுவந்து அவள் செய்யும் உபகாரம் என்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் பொதுவான தீர்ப்பு. பெற்றோர் பராமரிப்புக்கென 2007இல் வந்த நம் நாட்டுச் சட்டமும் மகன், மகள், பேரன், பேத்தி என்றே பொறுப்பாளிகளை வரையறுத்தது, மருமகளைச் சேர்க்கவில்லை. நம் மஹல்லாக்களில் நடப்பதோ வேறு. இரவெல்லாம் விழித்திருப்பவள் மருமகள். தாயைத் தாங்கும் தனயன் என்ற பெயர் மகனுக்கு! (மாமியார்மார்கள் என்மீது வருத்தம் கொள்ள வேண்டாம், குறை உங்கள் புதல்வர்களிடம்தான்.) யமன் நாட்டு உவைஸுல் கர்னீ அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியபோது, தாய்க்கு நன்மை செய்தவர் என்பதையும் சேர்த்தே கூறினார்கள். அவர் ஓர் ஆண்மகன் அல்லவா?

மாணவரிடம் மூன்று சொன்னேன். நன்னியார் தெளிவோடிருக்கும் வேளையில் அனுமதி பெறுங்கள். துணி மாற்றும் காட்சியை நீக்குங்கள். அந்தக் கரங்களுக்கு உரியவரையும் பேச வையுங்கள், அவர் இசைந்தால்.

பத்து நாட்களில் திரும்பி வந்தார். அம்மா முகம் காட்ட மறுத்துவிட்டார். குரல் மட்டும் தந்திருந்தார். கடைசிக் காட்சியில் அத்தா தம் தாயாருக்கு ஒளுச் செய்விக்க அமர்ந்திருக்கிறார். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியிடம் கேட்கிறார்.