ரத்தம் வருகிறதா, திரும்பிப் போகிறதா?

வாய்ப்புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடை எலும்பில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தால், அந்த இடைவெளியைக் காலில் இருந்து எடுத்த எலும்பால் நிரப்பலாம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடலின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது உள்பக்கத்துத் தடித்த எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை எடுத்த பிறகும் பெரும்பாலானவர்களால் நடக்க முடிகிறது. அந்த எலும்பை அதன் மேலுள்ள தோலோடும், ரத்தம் கொண்டுவரும் தமனியோடும், ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரையோடும் சேர்த்து எடுக்கிறார்கள். தாடையின் வளைவுக்கு ஏற்ப வெட்டிப் பொருத்தியபின், கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய்களோடு அந்தத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கிறார்கள்.

இப்படி இடம் மாற்றும் திசுவை மருத்துவர்கள் ‘ஃப்ளாப்’ என்பார்கள். தீக்காயத்தின்மேல் ஒட்டும் மெல்லிய தோல் வேறு. அது அடியிலுள்ள புண்ணில் இருந்து ஊட்டத்தை உறிஞ்சியே முதல் சில நாட்கள் பிழைத்துக்கொள்ளும். எலும்பும் கொழுப்பும் தசையும் சேர்ந்த தடித்த ஃப்ளாப் அப்படிப் பிழைக்காது. தைத்து இணைத்த அந்தக் குழாய்கள்தான் அதற்கு உயிர். அவற்றின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

இந்த நுண்தையல் பழைய வித்தை அல்ல. 1960-இல் அமெரிக்காவில் ஜூலியஸ் ஜேக்கப்சனும் எர்னஸ்டோ சுவாரஸும் நுண்ணோக்கியின் கீழ் சிறு ரத்தக்குழாய்களை இணைத்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் ஹாரி பங்கி 1960-களில் முயலின் காதையும் குரங்கின் கால்விரலையும் இப்படி ஒட்டவைத்தார். 1973-இல் ஆஸ்திரேலியாவில் ரோலின் டேனியலும் இயன் டெய்லரும் இடுப்புமடிப்புத் தோலை நோயாளியின் காலுக்கு மாற்றியதை வெளியிட்டார்கள். இன்று தேர்ந்த மையங்களில் 100 ஃப்ளாப்களில் 95-க்கு மேல் பிழைக்கின்றன. இந்த எண்ணிக்கைக்குக் காரணம் தைக்கும் கை மட்டும் அல்ல. தைத்தபின் இரவு பகலாகக் கவனிக்கும் கண்ணுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

தைத்த இடத்தில் குழாயின் உட்சுவர் காயப்பட்டிருக்கும். ரத்தத் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு ரத்தக்கட்டி உருவாகலாம். அடைப்புகளில் பெரும்பாலானவை முதல் மூன்று நாட்களுக்குள் வருகின்றன. தமனியைவிடச் சிரை அடைபடுவதே அதிகம். அதன் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தம் குறைவு. கொஞ்சம் முறுக்கினாலும், அருகில் ரத்தம் தேங்கி அழுத்தினாலும், மூச்சுக்குழல் துளையில் வைத்த குழாயின் நாடாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாலும்கூட அது நசுங்கிவிடும்.

இதில் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இடம் மாற்றும்போது ஃப்ளாப்பின் நரம்புகள் பெரும்பாலும் அறுபட்டுவிடுகின்றன. அது செத்துக்கொண்டிருந்தாலும் நோயாளிக்கு அங்கே வலிக்காது. தானாகச் சொல்லத் தெரியாத திசுவின் நிலையை வேறொருவர்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. 1978-இல் ஜேம்ஸ் மே குழுவினர் முயல்களில் செய்த சோதனை இதைத் தெளிவாக்கியது. 12 மணி நேரம் ரத்தமின்றிக் கிடந்த திசுவில், குழாயைத் திறந்துவிட்டாலும் ரத்தம் மறுபடி ஓடவில்லை. நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் வீங்கி வழியையே அடைத்துவிட்டன.

அதனால்தான் முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை செவிலியர் வந்து பார்க்கிறார். அவர் பார்ப்பது நான்கு விஷயங்கள்: நிறம், சூடு, இறுக்கம், அழுத்திவிட்டால் ரத்தம் திரும்பும் வேகம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு, மூன்று நொடிகளில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். தமனி அடைபட்டால் ஃப்ளாப் வெளுத்துக் குளிர்ந்து தொய்ந்துவிடும், நிறம் திரும்பாது. சிரை அடைபட்டால் எல்லாம் நேர்மாறு. ரத்தம் வந்துகொண்டே இருக்கும், போக வழியிருக்காது. திசு நீலம் பாரித்து வீங்கி இறுகும். அழுத்தி எடுத்தால் நிறம் வழக்கத்தைவிட விரைந்து திரும்பும். ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பு ரத்தம் உடனே வழியும். நல்ல ஃப்ளாப்பில் கசிவது செந்நிற ரத்தம். தமனி அடைபட்டதில் எதுவுமே வராது.

மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோலில் இந்த நிறமாற்றம் எளிதில் தெரியாது. வாய்க்குள் வைத்த ஃப்ளாப்பையோ டார்ச் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் கண்ணுக்கு மட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கேதான் கருவிகள் துணைக்கு வருகின்றன.

அவற்றில் முதன்மையானது பேனா வடிவ டாப்ளர். ஹாரன் அடித்தபடி ரயில் நம்மைக் கடக்கும்போது அதன் சுருதி மாறிக் கேட்கும் அல்லவா? 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய அதே விதிதான் இதிலும். வினாடிக்கு சுமார் 80 லட்சம் அதிர்வு கொண்ட கேளா ஒலியைக் கருவி தோலுக்குள் அனுப்புகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் ரத்தமானால், பேனாவைப் பிடிக்கும் சாய்வைப் பொறுத்து, அந்த வித்தியாசம் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை வரும். அது நம் காதுக்கு எட்டும் ஒலி. அதையே ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். தமனியில் துடிப்பு விட்டுவிட்டுக் கேட்கும், சிரையில் காற்று வீசுவதுபோல் தொடர்ச்சியான இரைச்சல்.

இந்தப் பேனாவிடம் ஒரு குறை உண்டு. ஃப்ளாப்பின் தமனியைக் கேட்பதாக நினைத்துப் பக்கத்துக் கழுத்துத் தமனியைக் கேட்டுவிடலாம். மேலும், சிரை அடைபட்ட பிறகும் தமனியின் துடிப்பு சிறிது காலம் கேட்டுக்கொண்டே இருக்கும். செவிலியர் திருப்தியோடு குறித்துவிட்டுப் போவார், உள்ளே நிலைமை கெட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கு விடை தேடியவர் வில்லியம் ஸ்வார்ட்ஸ். 1988-இல் அவரது குழு, நேரே ரத்தக்குழாயிலேயே பொருத்தும் டாப்ளரை அறிமுகப்படுத்தியது. சிலிகான் பட்டையில் பதித்த சிறு படிகம் ஒன்றை அறுவையின்போதே சிரையைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். மெல்லிய கம்பி வெளியே வந்து கருவியோடு சேர்கிறது. தமனியில் கட்டாமல் சிரையில் கட்டுவதில்தான் சூட்சுமம். சிரை அடைபட்டால் ஒலி உடனே நிற்கும். தமனி அடைபட்டாலும் சிரைக்கு வர ரத்தம் இராது, சற்று நேரத்தில் அங்கும் ஒலி அடங்கிவிடும். ஒரே இடத்தைக் கேட்டு இரண்டு வழிகளையும் காவல் காக்கலாம். வெளியே தெரியாமல் முழுதும் உள்ளே புதைந்த ஃப்ளாப்களுக்கு இது பெரிய உதவி. காலம் முடிந்ததும் கம்பியை மெதுவாக இழுத்தால் படிகம் கழன்று வந்துவிடும். பட்டை மட்டும் உள்ளேயே தங்கும். ஆனால் படிகம் இடம் நகர்ந்தாலும் ஒலி நிற்கும் என்பதால், பொய் எச்சரிக்கைகளும் உண்டு.

இன்னொரு வகைக் கருவி ஒளியால் பார்க்கிறது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளி தோலுக்குள் ஊடுருவும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வேறுபாட்டைக் கொண்டு திசுவின் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து திரையில் காட்டலாம். இதில் ஒரு எண்ணைவிட அதன் போக்குதான் முக்கியம். ஒரு மணி நேரத்துக்குள் அளவு சரசரவென்று இறங்கினால், தோலின் நிறம் மாறுவதற்கு முன்பே மருத்துவரை எழுப்பலாம்.

சிரையில் கட்டும் டாப்ளரும் ஒளிக் கருவியும் விலையுயர்ந்தவை, எல்லா இடங்களிலும் கிடைக்காதவை. ஆனால் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் இந்த வேலைக்கு உதவுகிறது. ஃப்ளாப்பைக் குத்தி எடுத்த துளியையும் விரல்நுனித் துளியையும் ஒப்பிடுகிறார்கள். சிரை அடைபட்டுத் தேங்கிய ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைச் செல்கள் தின்று தீர்ப்பதால் ஃப்ளாப்பின் அளவு குறைந்துகொண்டே போகும். பல வார்டுகளில் செவிலியர் மொபைலில் படம் எடுத்து நள்ளிரவில் மருத்துவருக்கு அனுப்புவதும் இப்போது வழக்கம்.

எந்தக் கருவியும் தனியாக முடிவு சொல்வதில்லை. அது சந்தேகத்தைச் சீக்கிரம் கிளப்புகிறது, அவ்வளவே. சந்தேகம் வந்ததும் தையலைத் தளர்த்தி, நாடாவைத் தளர்த்தி, தேவையானால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்ப்பவர்கள் மனிதர்கள். கவனிப்பது அறுவையின் பின்குறிப்பு அல்ல, அதன் இரண்டாம் பாதி.

அந்தப் பாதியில் உடனிருக்கும் குடும்பத்துக்கும் வேலை உண்டு. நோயாளியின் தலையை மருத்துவர் சொன்ன நிலையிலிருந்து திருப்பிவிடாதீர்கள். அவர் அருகில் யாரும் புகைபிடிக்க வேண்டாம், நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நிறம் மாறியதாகத் தோன்றினால், அடுத்த சுற்றுவரை காத்திராமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். நள்ளிரவில் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும் என்று மருத்துவர் வந்து சொன்னால், முதல் அறுவை தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம். அடைப்பு இருக்கலாம் என்பதை நேரத்தோடு கவனித்துவிட்டார்கள் என்றே அதற்குப் பொருள். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு சம்மதப் படிவத்தில் சீக்கிரம் கையெழுத்திடுங்கள். அப்போது மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் திசுவுக்குச் சேரும்.